பாலாறு சுமக்கும் கணக்கு: காஞ்சிப் பட்டும் வடஆர்க்காட்டுத் தோலும்

காஞ்சிபுரத்தின் வரலாற்றை எழுதுவோர் பல்லவரின் கற்றளிகளிலிருந்தோ கடிகைகளின் கல்விப் பெருமையிலிருந்தோ தொடங்குவது வழக்கம். அதே வரலாற்றை நீரிலிருந்து தொடங்கினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. நகரை ஒட்டி வேகவதி ஓடுகிறது. தெற்கே சிறிது தொலைவில் பாலாறு ஓடுகிறது. இவ்விரண்டும் செய்யாறும் திருமுக்கூடலில் ஒன்றாகிக் கடலை நோக்கிச் செல்கின்றன. கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். இதில் 93 கிலோமீட்டர் கருநாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும், எஞ்சிய 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் அமைகின்றன.

ஆண்டின் பெரும்பகுதியில் பாலாறு மணலாகவே காட்சியளிக்கும். ஆனால் அம்மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டிருக்கும். இதை அறிந்த முன்னோர் ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால்களை வெட்டினர்; வெள்ளம் வரும் சில நாள்களின் நீரைத் தேக்கப் பேரேரிகளை அமைத்தனர். மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், தூசி மாமண்டூர் ஏரிகள் அந்த அறிவின் சான்றுகள். 1850களில் ஆங்கிலேயர் வாலாஜாப்பேட்டை அருகே கட்டிய அணைக்கட்டு இவ்வேரிகளுக்கு ஆற்று நீரைத் திருப்பிவிட்டது. காஞ்சி நகரத்தின் குடிநீரும் ஓரிக்கை, திருப்பாற்கடல் ஆகிய இடங்களின் ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்பட்டு வருகிறது. திருப்பாற்கடலோ வாலாஜாப்பேட்டைக்குக் கீழே, இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. ஆகவே மேலே உள்ளவர் ஆற்றில் எதை விடுகிறார் என்பது கீழே உள்ளவரின் குடத்தைப் பற்றிய கேள்வியாகவே இருந்து வந்துள்ளது.

இந்த ஒரே ஆற்றின் கரையில் இரண்டு பெருந்தொழில்கள் வளர்ந்தன. ஒன்று காஞ்சியின் பட்டு. மற்றொன்று வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல். பின்னதில் தமிழ் முஸ்லிம்களின் பங்கு பெரிது. எனவே பாலாற்றின் கதை நமக்கு அயலார் கதையன்று.

நீரும் பட்டும்

காஞ்சிப் பட்டின் ஒளிக்கு அவ்வூர் நீரே காரணம் என்பது நெசவாளரிடையே நிலவும் பழைய நம்பிக்கை. இந்நம்பிக்கையில் வேதியியல் உண்மையும் கலந்திருக்கிறது. கருநாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு இழையின்மேல் செரிசின் என்னும் பசை படிந்திருக்கும். இழையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்தப் பசையே. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் இழையைக் காய்ச்சி இதை நீக்கிய பின்னரே பட்டுக்கு மென்மையும் மினுக்கமும் வருகின்றன. நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் சோப்பு அவற்றோடு கூடிக் கரையாத படிவாக இழையில் ஒட்டிக்கொள்ளும். சாயம் ஒருசீராகப் பிடிக்காது. நீர் கெட்டால் பட்டும் கெடும் என்பது இதனால் விளங்கும்.

பசை நீக்கிய நீர் புரதம் செறிந்த கழிவாக வெளியேறும். அடுத்து வருவது சாயநீர். அரக்கு, மஞ்சள், அவுரி முதலியவற்றைக் கொண்டு சாயமிட்ட காலத்திலும் கழிவு இருந்தது. ஆனால் அவை பெரும்பாலும் தாவரங்களிலிருந்தும் பூச்சியிலிருந்தும் வந்தவை. மண்ணின் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துவிடும். 1856இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டதும், 1897இல் செருமனியின் செயற்கை அவுரி சந்தைக்கு வந்ததும் இந்நிலையை மாற்றின. செயற்கைச் சாயத்தின் சிறப்பு அது வெயிலுக்கும் சலவைக்கும் அழியாதிருத்தல். ஆற்றுக்குள் சென்ற பின்னும் அது எளிதில் அழிவதில்லை. மேலும், பட்டுக்குப் பயன்படும் உலோகக் கூட்டுச் சாயங்கள் சிலவற்றில் குரோமியமோ கோபால்ட்டோ உண்டு. தோலைப் பதனிடும் குரோமியம் பட்டின் நிறத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

காஞ்சியில் சாயமிடுதல் பெரும் ஆலைகளில் நடப்பதன்று. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் சிறு பட்டறைகளிலும் வீடுகளின் பின்கட்டிலும் நடந்த தொழில் அது. அங்கு ஊற்றிய நீர் தெருவின் கால்வாயைச் சேரும். நகரின் நடுவே ஓடும் மஞ்சள்நீர்க் கால்வாய் ஊரின் கழிவுநீரைச் சுமந்து நத்தப்பேட்டை ஏரியில் கொண்டு சேர்க்கும் வடிகாலாக மாறிவிட்டது. வயலுக்குப் பாய வேண்டிய ஏரி கழிவைத் தேக்கும் குட்டையாயிற்று. காஞ்சி தன் நீரைக் கெடுத்ததில் காஞ்சிக்கும் பங்குண்டு. இதைக் கூறாமல் ஆற்றின் மேற்பகுதியை மட்டும் குறை கூறுவது நீதியாகாது.

ஆவாரம் பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

வடஆர்க்காட்டின் தோல் தொழில் 19ஆம் நூற்றாண்டில் ஆவாரம் பட்டையைக் கொண்டு வளர்ந்தது. வறண்ட நிலத்தில் தானே வளரும் ஆவாரையின் பட்டையில் துவர்ப்புப் பொருள் உண்டு. அதில் ஊறிய தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றது. இவ்வணிகத்தில் ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி கல்வியாக மாறியது என்பதை நம் சமுதாயம் பெருமையுடன் நினைவுகூர்கிறது. 1919இல் வாணியம்பாடியில் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரியும், மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் 1965இல் அவ்வூரில் நிறுவப்பட்ட கல்லூரியும் அப்பெருமையின் அடையாளங்கள்.

குரோமிய உப்பால் பதனிடும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அறிமுகப்படுத்தியவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் அதிகாரி. சென்னைக்குத் தெற்கே எழுந்த குரோம் தோல் ஆலையால்தான் குரோம்பேட்டை அப்பெயர் பெற்றது. பட்டையில் பல வாரங்கள் ஊறவேண்டிய தோல் குரோமியத்தில் ஓரிரு நாள்களில் பதமாகும். எனினும் இம்முறை பாலாற்றங்கரையில் பெருவழக்கானது அரசின் கொள்கை மாற்றத்தால்தான். 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையை ஏற்று, 1973இல் இந்திய அரசு பதனிடாத தோலின் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் நாட்டிலேயே உருவாக வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியது, வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் பெருகின. அதே வேளையில், முன்பு மேலைநாடுகளின் ஆறுகளில் கலந்த கழிவின் பெரும்பகுதி நம் ஆற்றுக்கு இடம் மாறியது. கழிவுநீருக்கு என்ன வழி என்னும் கேள்வியை அக்கொள்கை கேட்கவில்லை.

மறையாத பொருள்கள்

கழிவை ஆற்றில் விட்டால் அது போய்விடும் என்பது பழைய எண்ணம். பொருள் எங்கும் போவதில்லை. நீரிலிருந்து நிலத்துக்கும், நிலத்திலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து மீண்டும் நீருக்கும் இடம் மாறுகிறது. பாலாற்றங்கரையில் மூன்று பொருள்களின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் இது தெளிவாகும்.

முதலாவது உப்பு. உரித்த தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு உப்பைத் தடவுகின்றனர். தொழிற்கூடத்தில் முதலில் கழுவப்படுவது அந்த உப்பே. சாதாரண உப்பை எந்த நுண்ணுயிரும் சிதைக்காது. மண்ணும் பெரிதாகப் பிடித்துவைக்காது. அது நிலத்தடி நீரோடு நகரும். பாய்ச்சிய வயலில் சோடியம் களிமண் துகள்களிடையே உள்ள கால்சியத்தை வெளியேற்றி அவ்விடத்தில் அமரும். அதனால் மண்ணின் பொருபொருப்புத் தன்மை குலையும். மழையில் சேறாகவும் வெயிலில் பாறையாகவும் அது இறுகும். தென்னையும் நெல்லும் பொய்த்த தோட்டங்களின் கதை இதுதான்.

இரண்டாவது கந்தகம். தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைப் பயன்படுத்துகின்றனர். இக்கழிவு அமிலக் கழிவோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். சேறு தேங்கிய தொட்டியின் அடியில் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்களும் சல்பேட்டிலிருந்து இதே வாயுவை உண்டாக்குகின்றன. குறைந்த அளவில் இது அழுகிய முட்டையின் நாற்றம். செறிந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்து ஓரிரு மூச்சில் உயிரைப் பறிக்கும். தொட்டி கழுவ இறங்கி மாண்ட தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலத்தவர், இதற்கே இரையாயினர். காற்றில் கலந்த கந்தகம் ஆக்சிஜனோடு கூடி அமிலமாகி மழையோடு மண்ணுக்குத் திரும்பும். வெள்ளியைக் கறுக்கச் செய்வதும் இவ்வாயுவே. சாக்கடை தேங்கிய ஊரின் காற்று பட்டுச் சேலையின் வெள்ளிச் சரிகைக்கும் பகையாகும்.

மூன்றாவது குரோமியம். பதனிடும்போது தோல் ஏற்றுக்கொள்வது பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கையே. எஞ்சியது நீரோடு வெளியேறும். இது மூவிணைதிறக் குரோமியம். எளிதில் கரையாது, மண்ணில் ஒட்டி நிற்கும், நச்சும் குறைவு. ஆனால் மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு இதன் ஒரு பகுதியை அறுவிணைதிறக் குரோமியமாக மாற்றவல்லது. அவ்வடிவம் நீரில் கரைந்து விரைந்து நகரும், புற்றுநோயை விளைவிக்கும். மண்ணின் மட்கும் இரும்பும் அதை மீண்டும் பழைய வடிவுக்குக் குறைக்கின்றன. இவ்வாறு ஒரே உலோகம் மண்ணுக்குள் வடிவம் மாறி மாறிச் சுழல்கிறது. குடிநீரில் இருக்கத்தக்க குரோமியத்தின் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்பதைக் கருதினால் இச்சுழற்சியின் பொருள் விளங்கும்.

தோல் தொழிலுக்கான குரோமிய உப்புகளை ஆக்க 1970களில் இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1990களின் நடுவில் அது மூடப்பட்டபோது ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு வளாகத்திலேயே குவிந்து கிடந்தது. ஒவ்வொரு மழையும் அக்குவியலிலிருந்து அறுவிணைதிறக் குரோமியத்தைக் கரைத்து நிலத்துக்குள் இறக்கியது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலுடன் இராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

நீதிமன்றமும் சந்தையும்

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயனற்றுப் போயிற்று என்பதும், குரோமியப் பதனிடலில் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்பதும், ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தொழிற்கூடம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. அதையொட்டி அமைந்த ஆணையம் 2001இல் 29,000க்கும் மேற்பட்ட உழவர்களையும் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டோராக அடையாளம் கண்டு, ஏறக்குறைய 26.8 கோடி ரூபாய் ஈட்டுத்தொகையை நிர்ணயித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் வழக்கு இது.

சட்டநூலில் பாலாறு வென்றது, படுகையில் வெல்லவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பின்னர் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறலாகாது என்னும் விதியும் வந்தது. சவ்வூடு வடித்து நீரை மீட்டால் எஞ்சுவது சேறும் கலப்பு உப்பும். நீரில் இருந்த சுமை திடப்பொருளாகி நிலத்தில் குவிந்தது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இவ்விவகாரத்தில் தீர்ப்பளித்து, ஈட்டுத்தொகை கிடைக்காதோருக்கு அதை வழங்கிப் பின் மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்குமாறு அரசைப் பணித்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

இதனோடு ஒப்பிட வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1989இல் செருமனி, தோலைக் காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் வேதிப்பொருளைத் தடைசெய்தது. 1994இல் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாகச் சிதையக்கூடிய அசோ சாயங்களையும் தடைசெய்தது. தோல் தொழிலும் சாயத் தொழிலும் ஒருசேரத் திடுக்கிட்டன. சில ஆண்டுகளுக்குள் மாற்றுப்பொருள்கள் புழக்கத்துக்கு வந்தன. 1990களிலேயே இந்திய அரசும் 112 சாயங்களைத் தடைசெய்தது. ஐரோப்பியரின் உடலில் படும் தோலும் துணியும் சில ஆண்டுகளில் தூய்மையாயின. பாலாற்றங்கரை உழவரின் கிணறு இன்னும் காத்திருக்கிறது. தொழில்நுட்பமும் முதலீடும் இல்லை என்னும் வாதத்தின் வலிமையை இவ்வொப்பீடு குறைத்துவிடுகிறது. வாங்குபவர் கேட்டால் இயலக்கூடியது, அண்டை வீட்டார் கேட்கும்போது மட்டும் ஏன் இயலாததாகிறது?

ஃபிக்ஹ் மரபில் தீங்கு

இக்கேள்வி முஸ்லிம் அறிவு மரபுக்குப் புதியதன்று. ஜெருசலேமில் பிறந்து எகிப்தில் பணிபுரிந்த 10ஆம் நூற்றாண்டு மருத்துவர் அத்தமீமீ, காற்று கெடுவதையும் அதனால் பரவும் நோய்களையும் பற்றித் தனி நூலே எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னு அர்ராமீ, கட்டடக் கலைஞராகவும் காழிகளுக்கு ஆலோசகராகவும் விளங்கியவர். அவர் மாலிக்கீ சட்ட மரபின் வழியே தொகுத்த நூலில் புகையும் நாற்றமும் இரைச்சலும் அண்டை வீட்டாருக்கு இழைக்கப்படும் தீங்குகளாக ஆராயப்படுகின்றன. தோல் பதனிடும் இடத்தின் நாற்றமும் அவற்றுள் ஒன்று. சந்தைகளைக் கண்காணித்த முஹ்தஸிபுக்குத் தெருவின் தூய்மையும் கடமையாயிருந்தது.

1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட மஜல்லா இம்மரபின் பொதுவிதிகளை எண்ணிட்டுத் தந்தது. பொதுத் தீங்கைத் தடுக்கத் தனியார் தீங்கைத் தாங்கிக்கொள்ளலாம் என்கிறது அதன் 26ஆம் விதி. ஆதாயம் யாருக்கோ அவரே அதனோடு வரும் இழப்பையும் ஏற்க வேண்டும் என்பது 87ஆம் விதியின் கருத்து. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிலைநாட்டிய கோட்பாட்டுக்கு இவ்விதி எவ்வளவு அணுக்கமானது என்பதை வாசகர் உணர்வர்.

தோல் பதனிடுதல் ஃபிக்ஹ் நூல்களின் தூய்மை அதிகாரத்திலேயே இடம்பெறும் பொருள். செத்த விலங்கின் தோல், சட்டம் விலக்கியவை நீங்கலாக, துவர்ப்புப் பொருளால் பதனிடப்பட்டால் தூய்மையாகும் என்று அறிஞர்கள் விளக்கினர். அதே அதிகாரம்தான் நீரைப் பற்றியும் பேசுகிறது. நிறம், சுவை, மணம் என்னும் மூன்று இயல்புகளில் நேரும் மாற்றத்தைக் கொண்டு நீரின் நிலையை முடிவு செய்கிறது. தோலைத் தூய்மையாக்கும் தொழில் ஓர் ஆற்றின் மூன்று இயல்புகளையும் மாற்றியது என்பது நம் காலத்தின் பெரும் முரண். குடிநீரின் எல்லையைக் கடந்த குரோமியமோ பல வேளைகளில் நிறத்தாலும் சுவையாலும் மணத்தாலும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. கண்ணுக்கும் நாவுக்கும் மூக்கும் எட்டாத தீங்கை ஆய்வுக்கூடம் காட்டித்தரும்போது அதையும் தீங்கெனக் கொள்வது, முன்னோர் வகுத்த விதியின் நோக்கத்துக்கு இசைந்ததே.

காஞ்சியின் கேள்வி

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. 1903ஆம் ஆண்டு வெள்ளத்தோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட வெள்ளம் அது. ஆறு உயிர்பெற்றது என்று கரையோர மக்கள் மகிழ்ந்தனர். வெள்ளம் உப்பைச் சிறிது அலசிச் செல்லும் என்பது உண்மை. ஆனால் மண்ணில் ஒட்டிய குரோமியத்தை ஒரு மழைக்காலம் அகற்றாது. குவியல்களை அகற்றி மண்ணைச் சீர்செய்யாத வரை ஒவ்வொரு வெள்ளமும் அதைக் கீழ்நோக்கி நகர்த்தவே செய்யும். வடிகட்டியாக விளங்கிய மணலையும் பல்லாண்டுகளாக அள்ளிவிட்டோம்.

இத்தொழிலை மூடுவது தீர்வன்று. பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களின் உணவு இதில் அடங்கியுள்ளது. உப்பைக் கரைக்குமுன் தோலை உதறி உலர்நிலையிலேயே பிரித்தெடுத்தல், குரோமியத்தைக் கழிவிலிருந்து மீட்டு மீண்டும் பயன்படுத்துதல் ஆகிய வழிகளைச் சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது. ஆவாரை முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலுக்கு உலகச் சந்தையில் இன்றும் இடமுண்டு. காஞ்சியின் சாயப் பட்டறைகளுக்கும் பொதுச் சுத்திகரிப்பு அமைப்பு தேவை. தனித்தனி நெசவுக் குடும்பங்கள் தாங்கும் செலவன்று அது.

நம் சமுதாயம் தோல் வணிகத்தின் வரலாற்றை எழுதும்போது கல்லூரிகளையும் பள்ளிவாசல்களையும் மருத்துவமனைகளையும் வரவாகப் பதிகிறது. அது நேர்மையான பதிவே. அதே ஏட்டின் மறுபக்கத்தில், கிணறு உவர்த்த உழவரையும் தொட்டியில் மூச்சடங்கிய தொழிலாளரையும் எழுதாத வரை கணக்கு முடிந்ததாகாது. திருப்பாற்கடலின் மணலுக்கடியில் ஊறும் நீரை இன்றும் காஞ்சி குடிக்கிறது. அந்நீர் கோயிலுக்கும் போகிறது. பள்ளிவாசலின் ஹவ்ளுக்கும் போகிறது. மேலே கூலி பெற்றவர், ஆதாயம் பெற்றவர், வரி பெற்ற அரசு ஆகிய எல்லோரும் கீழே உள்ள அந்தக் குடத்துக்குக் கடன்பட்டவர்களே. கடனை அடைக்காமல் மரித்தவருக்குத் தொழுகை நடத்தவும் தயங்கிய மரபைச் சேர்ந்தவர்கள் நாம். பாலாற்றின் கடனை அடுத்த தலைமுறையின் பெயரில் எழுதிவைக்கும் உரிமை நமக்கில்லை.